ஆயில் பம்பைக் கழற்றிய பிறகு

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராயபுரம் சர்வீஸ் சென்டரில் இப்போது இருக்கும் மெக்கானிக் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். யாரோ ஒருவர் படகில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் மோட்டாரிலிருந்து ஆயில் பம்பைக் கழற்றுகிறார், அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து மூடுகிறார், இனிமேல் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றினால் போதும் என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொள்கிறார். வேலை முடிந்தது.

"இதுக்குப் போயா அந்தக் காலத்துல அவ்ளோ பேசிக்கினாங்க? டீ ஆறதுக்குள்ள முடிச்சிடலாம் போல கீதே அண்ணாத்த" என்றார், நாங்கள் அப்போது இதைச் செய்த கதையைக் கேள்விப்பட்டிருந்த அவர்.

டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்தான், கழற்றுவதை மட்டும். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குள் தனியாக ஆயில் நிற்காது. பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. அந்த ஆயிலை நாமே கேனில் கலந்து ஊற்றலாம். இல்லாவிட்டால் இன்ஜினிலேயே ஒரு சின்ன பம்பு இருந்து, தனி டேங்கிலிருந்து ஆயிலை இழுத்து, இன்ஜின் ஓடும் வேகத்துக்குத் தகுந்தபடி உள்ளே விடும். பம்பு இருக்கிற மோட்டாருக்கு வெறும் பெட்ரோல் ஊற்ற வேண்டும், பம்பு இல்லாததற்குக் கலந்த பெட்ரோல். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் இந்தக் கதை புரிந்துவிடும்.

நான் பள்ளிக்கூடத்தில் தொழில் படித்தவன் இல்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்கூட்டர் கடையில் கார்புரேட்டர் கழுவிக் கழுவி வளர்ந்தவன். தொண்ணூறுகளின் கடைசியில் டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களின் காலம் முடிந்துகொண்டு வந்தபோது, அதே இன்ஜின் கடலில் இன்னும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு ராயபுரத்துக்கு வந்தேன். அங்கே எனக்குப் பாடமாக இருந்தது ஜனங்கள் பேசும் பேச்சு. மீனவர்கள் யாரும் இன்ஜினில் இந்தப் பாகம் கெட்டுப்போச்சு என்று வந்து நிற்க மாட்டார்கள். "காத்தால எய்ந்துக்கவே மாட்டேங்குது, மத்தியானம் ஓடு ஓடுன்னு ஓடுது" என்பார் ஒருவர். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். "அலை மேல ஏறசொல்ல மூச்சு வாங்குது" என்பார் இன்னொருவர். பெட்ரோல் பைப்பில் அடைப்பு. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், "எங்கூட்டு இன்ஜினு பொய்யி சொல்லுது" என்றார். அங்கே இருந்த எல்லோரும் சிரித்தோம். பிரித்துப் பார்த்தால், ஆயில் தீர்ந்தால் கத்த வேண்டிய பஸர், டேங்க் நிறைய ஆயில் இருக்கும்போது கத்திக்கொண்டிருந்தது. அவர் சொன்னதைவிடச் சரியாக அதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் ஃபோர்மேன் கரீம் பாய். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மோட்டாரைக் கொண்டு வருபவரிடம் என்ன கோளாறு என்று கேட்க மாட்டார். "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?" என்பார். பதில் சொல்லி முடியும்வரை மோட்டார் பக்கம் திரும்பவே மாட்டார். நாங்கள் யாராவது "சரியாயிடும் பாய்" என்று சொன்னால் பிடிக்காது. "அதுவா ஆவாது. பண்ணிட்டேன்னு சொல்லு. இல்லன்னா இன்னும் இல்லன்னு சொல்லு." முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால், வேஸ்ட் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். சுண்டு விரலுக்கு வரும்போது நாங்கள் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவோம்.

சுனாமி வந்து போன அடுத்த வருஷம் கஸ்தூரி வந்தார்.

திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்திலிருந்து மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் மோட்டாரைப் படுக்க வைத்து, அது உருளாமல் தானே பக்கத்தில் உட்கார்ந்து கட்டிப் பிடித்தபடி வந்தார். வண்டியை மிதித்து வந்தவர் அவருடைய கணவர் தேசப்பன். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அந்தக் குப்பத்துக்கு ஃபைபர் படகுகளும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரே மாதிரி மோட்டார்களும் கொடுத்திருந்தது. ஒரு படகு மகளிர் குழு பெயரில் வந்தது. அதற்குத் தலைவி கஸ்தூரி. நாலு குடும்பம், ஒரு படகு, ஒரு மோட்டார். அதுவரை அந்த நாலு வீட்டு ஆண்களும் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவர்கள்.

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சும்மா?" என்றார் பாய்.

"இவரு கைல குடுக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு பாய்."

தேசப்பன் வண்டி சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "என்னியவும் சேத்து ரிப்பேரு பண்ணச் சொல்லு" என்றார்.

பிரித்தோம். மேல் சிலிண்டரில் பிஸ்டன் உரசிப் பிடித்திருந்தது. ஆயிலே போகவில்லை. துறைமுகத்தில் கட்டிய படகு என்றால் வேறு. இவர்களுடையது மணலிலிருந்து தள்ளி, அலையில் ஏறி இறங்கும் படகு. ஆயில் டேங்க் மூடி வழியாக உப்புத் தண்ணீரும் பொடி மணலும் இறங்கி, பம்பின் பிளாஸ்டிக் பல் சக்கரத்தைத் தின்றிருந்தன. அந்த மாடலை இங்கே விற்கவே இல்லை. பம்பு எங்கே கேட்டாலும் கைவிரித்தார்கள். பிஸ்டன் மட்டும், எங்கோ செத்துப்போன அதே மாதிரி மோட்டாரிலிருந்து பாய் தேடிப் பிடித்தார். ஒன்றே ஒன்று. "இதுவும் போச்சுன்னா படகக் கவுத்துப் போட்டுட்டு நாலு பேரும் கூலிக்குப் போவ வேண்டியதுதான்" என்று கஸ்தூரியிடம் முகத்துக்கு நேரே சொன்னார்.

"பம்பைக் கழட்டிடலாம் பாய், கலந்து ஊத்திக்கட்டும்" என்றேன் நான். பாய் வேஸ்ட் துணியை எடுத்தார். மோட்டாரைத் தயாரித்தவன் வைத்ததைக் கழற்றுவது அவருக்குப் பிடிக்காது. "கயட்டறது ஈஸி. அவன் அத்த வெச்சு எத்தினி வேலைய பாத்துக்கினான்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார். நான் விடவில்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று அவர் எதிரிலேயே நின்றேன். மோதிர விரலோடு துணியைக் கீழே போட்டார். "சரி. நான் சொல்றபடி கயட்டு."

முதலில் பம்பு உண்மையிலேயே செத்துவிட்டதா என்று நிரூபிக்கச் சொன்னார். கண்ணாடி மாதிரி இருக்கும் குழாயை மாட்டி, உள்ளே ஒரு காற்றுக் குமிழியை விட்டு, பம்பைச் சுழற்றினேன். குமிழி நகரவில்லை. அதன் பிறகுதான் ஸ்பேனரைத் தொட விட்டார். பம்பு, அதைச் சுழற்றும் சின்னச் சக்கரம், ஆக்ஸிலேட்டரோடு அதைச் சேர்க்கும் கம்பி எல்லாம் வெளியே வந்தன. பம்பு இருந்த ஓட்டையை மூட அலுமினியத் தகடு அறுத்து, ரப்பர் வளையம் வைத்துப் பூட்டினேன். வேலை முடிந்தது என்று நிமிர்ந்தேன்.

"ஆயில் உள்ள போன வழி இன்னாச்சு?" என்றார் பாய்.

பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் மெல்லிய குழாய் போகும். குழாயைப் பிடுங்கிவிட்டால் அது மாட்டியிருந்த மூக்கு திறந்து கிடக்கும். அதன் வழியே காற்று உள்ளே இழுக்கும். காற்று கூடினால் பெட்ரோல் குறையும், பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறையும், சூடு ஏறிப் புதுப் பிஸ்டனும் போகும். ஆயில் பற்றாமல் செத்த இன்ஜினை மறுபடி அதே வழியில் சாகடித்த மாதிரி ஆகும். ரப்பர் மூடி போட்டால் பெட்ரோலில் ஊறிப் பிளந்துவிடும் என்று ஒவ்வொரு மூக்குக்கும் பித்தளைத் திருகு வைத்து அடைக்கச் சொன்னார். சோப்பு நுரை தடவிக் காற்று ஊதிப் பார்த்தார். ஓர் இடத்தில் நுரை ஊசி முனை அளவுக்குக் கொப்பளித்தது. பிரித்து மறுபடி அடைத்தேன். கடைசியாக ஆயில் டேங்கின் சென்சார் வயர். அதை அப்படியே வெட்டிவிட்டால் டேங்க் காலி என்று நினைத்து மோட்டார் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் மாடல்கள் உண்டு. மீட்டர் வைத்துப் பார்த்து, வேண்டிய விதத்தில் முடித்தோம்.

கலப்பதைக் கஸ்தூரிக்குத்தான் சொல்லிக் கொடுத்தோம். கேனில் பாதி பெட்ரோல், பிறகு ஆயில், நன்றாகக் குலுக்கி, பிறகு மீதி பெட்ரோல். ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். புதுப் பிஸ்டன் பழகும்வரை ஆயில் இரண்டு பங்கு. அவர் ஒரு தண்ணீர் பாட்டிலை அறுத்து, ஆணியைச் சூடாக்கி இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

முதல் ஓட்டத்துக்கு நானும் படகில் ஏறினேன். புதுப் பிஸ்டன், மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், கரை கண்ணில் படும் தூரத்திலேயே சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று தேசப்பனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டினார். ஆனால் வலையை ஏன் படகில் போடுகிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வடக்கே எண்ணூர்ப் பக்கம் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் விழுந்து எழுந்தன. அவ்வளவுதான்.

"யோவ், இது ட்ரையல்!" என்றேன்.

"மீனுக்குத் தெரியாதே அண்ணாத்த!" என்றார் தேசப்பன்.

வேகத்தைக் கூட்டாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டது மட்டும்தான் என்னால் முடிந்தது. வலை விட்டு, வாரி, திரும்பும்போது டேங்க் வற்றிப்போய் மோட்டார் இரண்டு முறை இருமி நின்றது. பக்கத்தில் டில்லியின் படகு வந்துகொண்டிருந்தது. டில்லிக்கும் அதே தொண்டு நிறுவனம் கொடுத்த அதே மோட்டார்தான். தேசப்பன் கையைத் தூக்கிக் காட்டினார். டில்லி ஒரு வார்த்தை பேசாமல் படகை ஒட்டி, ஒரு கேனைத் தூக்கி எங்கள் படகில் வைத்தார். அந்தக் கரையில் அது வழக்கம். கடலில் பெட்ரோல் கேட்டால் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்கக்கூடாது. சண்டைக்காரனாக இருந்தாலும் கொடுத்துவிட்டுத்தான் சண்டை.

தேசப்பன் கேன் மூடியைத் திறந்து டேங்க் பக்கம் சாய்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. டில்லியின் மோட்டாரில் பம்பு இருக்கிறது. அப்படியென்றால் இது வெறும் பெட்ரோல்.

பாய்ந்து கேனைப் பிடுங்கி, மூடியைத் திருகி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா மெக்கானிக்கு, கேன் மேல குந்திகினு அடைகாக்கறியா?" என்றார் டில்லி.

"இதை ஊத்தினா பிஸ்டன் போச்சு!"

"பெட்ரோலு தான நைனா? கலீஜ் ஒண்ணும் இல்ல, நேத்து வாங்கினது!" டில்லிக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் கொடுத்த பெட்ரோலைக் குறை சொல்வதாக நினைத்தார். எங்கள் படகில் தனியாக ஆயில் இல்லை, டில்லியின் மோட்டாரிலிருந்து வடித்து எடுக்கவும் ஆடும் படகில் வழியில்லை. நான் கரையிலேயே கலந்து கொண்டுவந்திருந்தேன். கடைசியில் டில்லியின் படகே எங்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. கரை நெருங்கும்போது அவர் எழுந்து நின்று, "புது இன்ஜின இஸ்துகினு வரோம், வழி வுடுங்கோ!" என்று கத்தினார். தேசப்பன் கரை வரும்வரை மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் கஸ்தூரி நடந்ததைக் கேட்டார். "இனிமே யார்கிட்டயும் பெட்ரோல் வாங்காதீங்க, அவ்ளோதான்" என்றேன் நான். தேசப்பன் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"அது நடக்காது அண்ணாத்த. கடல்ல ஒருத்தன் குடுக்கறத வாணாம்னு சொன்னா நாளைக்கு அவன் எங்கிட்ட எப்படிக் கேப்பான்? அப்பிடி ஒரு இன்ஜினே எங்களுக்கு வாணாம்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் ஒரு மோட்டாரைச் சரி செய்திருந்தேன். அந்த மோட்டாரோ ஒரு கரையையே சேர்ந்தது. கஸ்தூரி கூடையில் மீனைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "அப்ப எல்லார் கேன்லயும் கலந்துட்டா?" என்றார்.

அதிலிருந்து அவரை யாரும் அசைக்க முடியவில்லை. இந்தக் கரையிலிருந்து கலக்காத பெட்ரோல் கடலுக்குப் போகக்கூடாது என்று வீடு வீடாகப் போய்ப் பேசினார். மற்றப் படகுக்காரர்களின் பம்புகளும் மணல் தின்று இழுத்துக்கொண்டுதான் இருந்தன. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பம்பைக் கழற்ற ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர் டில்லி ஒருவர்தான். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்தக் கரையிலேயே மோட்டாரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டவர் அவர். ஆயில் டேங்க் மூடியைச் சைக்கிள் ட்யூப் ரப்பரால் கட்டி வைப்பார், ஆயிலைத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவார். அவருடைய பம்பு முதல் நாள் போலவே இருந்தது.

இதைப் பேசி முடிக்க ஊர்ப் பெரியவர்கள் எங்களையும் வரச் சொன்னார்கள். பாய் வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்தார். டில்லி நேராக அவரிடமே கேட்டார்.

"பாய், நீயே சொல்லு. நல்லா கீற பம்ப கயட்டலாமா?"

"கயட்டக்கூடாது" என்றார் பாய்.

டில்லி எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். பாய் முடிக்கவில்லை. "கயட்ட வாணாம். ஆனா கலந்த பெட்ரோல் ஊத்து. புது இன்ஜின் பழக்கசொல்ல நாமளே பம்பும் ஓடவுட்டு, பெட்ரோல்லயும் கலந்துதான் ஊத்தறோம். அதிகமா புகையும், பிளக்கு கருக்கும். ஆனா இன்ஜினு சாவாது. வெறும் பெட்ரோல அவங்க இன்ஜின்ல ஊத்தினா சாவும்."

"அவங்க இன்ஜினுக்கோசரம் நான் புகை வுட்டுகினு, தெனிக்கும் பிளக்கு தேய்ச்சிகினு குந்தணுமா?"

"நீ தேய்க்க வாணாம்" என்றார் கஸ்தூரி. "நான் தேய்க்கறேன்."

யாரோ சிரித்தார்கள். டில்லியும் சிரித்தார். "இன்னாக்கா, பேச்சுக்கு சொல்றியா?"

"கலந்து ஊத்து. அப்பறம் பாரு."

அடுத்த நாளிலிருந்து, டில்லியின் படகு கரை ஏறியதும் கஸ்தூரி போய் நிற்பார். சூடு ஆறும்வரை காத்திருந்து, பிளக்குகளைக் கழற்றி, மணலில் உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் கரியைச் சுரண்டி, பெட்ரோலில் கழுவி, ஊதி, மாட்டிவிட்டுத்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போவார். பிளக்கை எவ்வளவு இறுக்குவது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். டில்லி முதலில் பக்கத்தில் நின்று கேலி பேசுவார். பிறகு கொஞ்சம் தள்ளி வலையைப் பிரிப்பது மாதிரி இருப்பார். பிறகு, அவர் வரும் நேரத்தில் டில்லியே கரையில் இருக்க மாட்டார். கஸ்தூரி அதையெல்லாம் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அவருக்கு வேலை பிளக்கோடு.

பருவம் மாறும் முன்பு ஒரு காலையில் டில்லி தன் மோட்டாரோடு ராயபுரம் வந்தார்.

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?" என்றார் பாய்.

"இப்பவும் நல்லாத்தான் கீது. பம்ப கயட்டிடு."

"நல்ல பம்பாச்சே."

"அதான் பேஜாரு பாய். அந்தம்மா தெனிக்கும் என் படகாண்ட வந்து குந்திகினு தேய்ச்சிகினு கீது. மூஞ்ச சுளிச்சா ரெண்டு வார்த்த திட்டலாம். அதுவும் பண்ணாது. என்னால தாங்க முடியல. பம்பு இல்லன்னா பிளக்கும் கருக்காது, அதுவும் வராது. கயட்டு."

பாய் வேஸ்ட் துணியை எடுத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நல்ல பம்பை அவர் தொட விடமாட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால் டில்லியை வெளியே அழைத்துப்போக எழுந்தேன். சுண்டு விரலையும் துடைத்து முடித்த பாய், என் பக்கம் கையை நீட்டி, "பத்தாம் நம்பர் ஸ்பேனர் குடு" என்றார். அந்தப் பம்பை அவரே கழற்றினார். திருகுகளையும் அவரே அடைத்தார்.

கழற்றிய பம்பு என் கையில் இருந்தது. அதே மாடல், ஒரு கீறல் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டில்லியிடம் கேட்டேன். "எனக்கு எதுக்கு, அவங்களுக்கே குடு" என்றார். பஸ் பிடித்துத் திருவொற்றியூர் போனேன். கஸ்தூரி படகுக்குப் பக்கத்தில் மறுநாளைக்குப் பெட்ரோல் கலந்துகொண்டிருந்தார்.

"உன் இன்ஜினுக்குப் பம்பு கெடைச்சிடுச்சும்மா. டில்லியோடது. நாளைக்கே மாட்டிடறேன். இனிமே நீ கலக்கவே வேணாம்" என்றேன்.

அவர் பம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டில்லியோடத கயட்டியாச்சா?"

"ஆச்சு."

"அப்ப எங்க படகுல மட்டும் வெறும் பெட்ரோலு இருக்கும்."

"ஆமா."

"நாளைக்கு நடுக்கடல்ல டில்லி வந்து எங்க ஆளாண்ட கேன் கேட்டா?"

அவர் பம்பை என் கையிலேயே திரும்ப வைத்தார். "பாயாண்ட குடுத்துடுண்ணா. எங்கயாவது வேற கரைல யாருக்காவது ஒதவும்."

சொல்லிவிட்டு, பாதி நிரம்பிய கேனைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி மூடியைத் திறந்தார். கோடு போட்ட பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"சும்மாதான நிக்கற? ஆயில ஊத்து."

பம்பை மணலில் வைத்துவிட்டு, கோடு வரைக்கும் ஆயிலை ஊற்றி, கேனில் சாய்த்தேன்.